கொஞ்சம் தெரியும் என்றவளுக்கு மஞ்சள் சீட்டு

எழுதிப் பழக்கமில்லாத கை. படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். எழுத்து மேலும் கீழுமாக ஓடும். சொல்ல வந்ததை விட்டு வேறெங்கோ போய்விடுவேன். ஞாபகமும் முன்னைப்போல் இல்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். இதையும் எழுதாமலே போயிருப்பேன். போன மாதம் அடுத்த வீட்டுப் பெண் வந்து சொன்னதைக் கேட்டு வயிறு எரிந்ததால்தான் உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் இந்த வருஷம் காலேஜில் சேர்ந்திருக்கிறது. சேர்ந்த அன்றே புதுப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷிலும் கணக்கிலும் டெஸ்ட்டு வைத்தார்களாம், யார் எந்த வகுப்புக்குப் போக வேண்டும் என்று பிரிப்பதற்கு. டெஸ்ட்டுக்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஒரு கேள்வி. உனக்கு இங்கிலீஷ் எவ்வளவு தெரியும், கணக்கு எவ்வளவு தெரியும், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் நீயே போடு என்று.

“நீ என்னா போட்ட?” என்று கேட்டேன்.

“ரெண்டு போட்டேன் ஆயா. அதுக்கு மேல நம்பளே போட்டுக்கிட்டா நல்லாவா இருக்கும்?”

பன்னிரண்டாவதில் கணக்கில் பள்ளிக்கூடத்துக்கே முதலாக வந்த பெண் அது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதே கேள்வியைத்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதே பதிலைத்தான் நம் பிள்ளைகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் சொல்லப்போவது என் தங்கையின் விஷயம். அறுபதுகள் முடிகிற சமயம் என்று நினைக்கிறேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்குப் பீங்கான் பட்டறையில் வேலை, சூளைக்குள் சாமான் அடுக்குவது. எனக்கு அதே பட்டறையில் தரம் பிரிக்கிற மேசை. சூளையிலிருந்து இறக்கின கப்பு, ஜாடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கி ஒரு குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்ல சாமான். சத்தம் அமுங்கி வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது என்று ஒதுக்கிவிடுவோம்.

அம்மா போனபோது தங்கை தவழ்கிற குழந்தை. அவளை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என் படிப்பு ஐந்தோடு நின்றது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. எனக்கும் சேர்த்து அவள் படித்தாள். கணக்கு வாத்தியார் லீவு போட்டால் வகுப்புக்கு அவளைத்தான் போர்டில் நிற்க வைப்பார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் அவள் வாங்கிய மார்க்கைப் பார்க்கத் தெருவே எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் அப்போது கல்யாணமாகி அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தேன். எனக்கே யாரோ மாலை போட்ட மாதிரி இருந்தது.

காலேஜில் பி.யு.சி. (பட்டத்துக்கு முந்தின ஒரு வருஷப் படிப்பு) சேர வேண்டும், கணக்கு குரூப் எடுக்க வேண்டும், அப்புறம் பட்டம், அப்புறம் கணக்கு டீச்சர். இதுதான் அவள் போட்டுவைத்திருந்த வழி. நைனா ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்.

“கணக்கு குரூப்புன்னா அனுப்பறேன். நாளைக்கு ஒரு டீச்சர் வேலைக்காவது போவும். வேற எதனா குரூப்புன்னா பஸ்ஸு சார்ஜுக்குத் தண்டம். ஆவணியில கல்யாணத்த முடிச்சுடுவேன், சொல்லிட்டேன்.”

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு வரன் ஏற்கெனவே வந்து காத்துக்கொண்டிருந்தது. நிலம் நீச்சு உள்ள இடம். மாப்பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தங்கைக்கு அப்போது வேண்டியிருந்தது மாப்பிள்ளை இல்லை, அல்ஜீப்ரா.

காலேஜின் பெயரும் ஊரும் வேண்டாம். சேத்தியாத்தோப்பில் பஸ் மாறிப் போக வேண்டும், அவ்வளவு போதும். சூளை எரிகிற நாளில் நைனாவுக்கு லீவு கிடைக்காது. அதனால் சேர்க்கிற அன்று நான்தான் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனேன். வராந்தாவில் ஒரு மேசை போட்டு இளவயசு சார் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கணக்கு வாத்தியார்தான் அவர் என்று பின்னால் தெரிந்தது. புதிதாகச் சேருகிறவர்கள் வரிசையாக நின்றார்கள். அந்த வருஷம்தான் புதுசாகத் தரம் பார்க்கிற டெஸ்ட்டு கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். என்னைப் போல் கூட வந்தவர்கள் தூணோரமாக நின்றோம்.

தங்கைக்கு முன்னால் ஒரு பையன். அரைக் கை சட்டை, தலையில் எண்ணெய் வழிய வாரியிருந்தான்.

“டூ யூ நோ இங்கிலீஷ்?” என்று சார் கேட்டார்.

“யெஸ் சார். வெரி வெல் சார்.”

“மேத்தமேடிக்ஸ்?”

“வெரி வெல் சார்.”

அவனுக்கு ஒரு வெள்ளைச் சீட்டைக் கொடுத்துப் பெரிய ஹாலைக் காட்டினார். அடுத்து என் தங்கை. அதே ரெண்டு கேள்வி. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனாலும் அவள் சொன்ன பதில் புரிந்தது.

“லிட்டில் சார்.”

“மேத்தமேடிக்ஸ்?”

“லிட்டில் சார்.”

மஞ்சள் சீட்டு. பின்பக்கம் இருந்த தகரக் கொட்டகையைக் காட்டினார். அவளுக்குப் பின்னால் நின்றது மங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். கடலோரத்துப் பெரிய மங்களூர் இல்லை, எங்கள் பக்கத்துச் சின்ன ஊர். பஸ்ஸில் எங்களோடு வந்து, வரும் வழியிலேயே தங்கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். கூட யாரும் வரவில்லை. விவசாய வீட்டுப் பெண். அவளும் தலையைக் குனிந்துகொண்டு “லிட்டில் சார், லிட்டில் சார்” என்று இரண்டு தடவை சொன்னாள். அவளுக்கும் மஞ்சள்.

எனக்கு அப்போது ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. தங்கை அடக்கமாகப் பதில் சொன்னாள் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்குப் போனால், “சாப்புடறீங்களா?” என்று கேட்பார்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காதவர்கூட “இப்பதான் ஆச்சு” என்பார். கேட்டவர் அதோடு விட்டுவிட மாட்டார். “அட, ரெண்டு வாய் சாப்புட்டா என்னா” என்று மறுபடி கேட்பார். மூன்றாவது தடவை கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார். கல்யாணத்துக்கே சமைத்துப் போடுகிறவர், “என்னா பண்ணிவெச்சிருக்கிறனோ, உப்பு பாத்துக்குங்க” என்பார். எங்கள் சூளை மேஸ்திரியை, “சூளை பத்தி உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டால், “ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கிறேன்” என்றுதான் பதில் வரும். தலைமுடி நரைத்ததே அந்தச் சூளை வாசலில்தான்.

மாறாக ஒருத்தர் இருந்தார். வேலைக்கு வந்த முதல் நாளே “எனக்கு எல்லாந் தெரியும்” என்றார். அன்று மத்தியானமே ஒரு பலகை நிறைய ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்துவிட்டார். அப்புறம் அவருக்குப் பெயரே ‘எல்லாந்தெரியும்’ ஆகிவிட்டது. “எல்லாந்தெரியும் வூட்ல இருக்காரா?” என்று அவர் சம்சாரத்திடமே வந்து கேட்பார்கள். அந்த அம்மாவும், “இல்ல, கடைக்குப் போயிருக்காரு” என்று சொல்லும்.

தெரியும் என்று தானாகச் சொல்வது எங்கள் ஊரில் சட்டையைக் கழற்றிவிட்டுத் தெருவில் நடக்கிற மாதிரி. கொஞ்சம் தெரியும் என்று சொல்வது எங்கள் பங்கு. மறுபடி கேட்டுத் தெரிந்துகொள்வது எதிரில் இருக்கிறவர் பங்கு. நான்கூட முதலில் எனக்கு எழுத வராது, ஞாபகம் இல்லை என்று எழுதினேனே. அதை அப்படியே எடுத்துக்கொண்டு நீங்கள் மூடி வைத்துவிட்டிருந்தால் இதுவரைக்கும் வந்திருப்பீர்களா? அந்த வராந்தா மேசைக்காரர் அதைத்தான் செய்தார்.

தங்கை சீக்கிரமே வெளியே வந்துவிட்டாள். ஹாலில் இருந்தவர்கள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் முகம் செத்துப்போயிருந்தது.

“என்னாடி, அதுக்குள்ள முடிச்சிட்ட?”

“எக்கா, வெங்காயக் கணக்குக்கா. ஒரு கிலோ இவ்வளவுன்னா மூணு கிலோ எவ்வளவு. அஞ்சாங்கிளாஸ் கணக்கு. நீயே போட்டிருப்ப.”

அவள் வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. இங்கிலீஷ் பேப்பரில் பூனைப் படத்துக்குக் கீழே பூனை என்று இங்கிலீஷில் எழுதச் சொல்லியிருந்தார்களாம்.

“ஹால்ல இருக்கிறவங்களுக்கு வேற பேப்பரு. ஜன்னல் வழியா போர்டுல பாத்தேன், அல்ஜீப்ரா எழுதிப் போட்டிருக்குது. நான் எழுந்து கேட்டேன்க்கா, சார் அந்தப் பேப்பரு எனக்கும் குடுக்கறீங்களான்னு. நீதானம்மா லிட்டில்னு சொன்ன, உக்காருன்னுட்டாரு.”

அப்புறம்தான் விஷயம் முழுதாகப் புரிந்தது. தகரக் கொட்டகையில் உட்கார வைத்தவர்கள் எல்லோரும் ஆயத்த வகுப்பு. வெங்காயக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் ஆயத்த வகுப்புதான். மூன்று மாதம் அங்கே இருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் குரூப் கொடுப்பார்கள். கணக்கு குரூப்போ, வெள்ளைச் சீட்டுக்காரர்களை வைத்து அந்த மாதக் கடைசிக்குள் நிரம்பிவிடும். மிச்சமிருப்பது சரித்திரம். சரித்திரம் என்றால் நைனா கணக்குப்படி ஆவணியில் கல்யாணம்.

அப்படியானால் அந்த டெஸ்ட்டு எதற்கு? பேப்பரைப் பார்த்தா பிரித்தார்கள்? மேசையிலேயே பிரித்து முடித்துவிட்டார்கள். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தங்கையின் எஸ்.எஸ்.எல்.சி. மார்க்குப் புத்தகம் அந்த மேசை மேலேயே, அவர் முழங்கைக்கு அடியிலேயே இருந்தது. திறந்து பார்த்திருந்தால் கணக்கு மார்க்கு கண்ணில் குத்தியிருக்கும். ஊர்ப் பள்ளிக்கூடத்து மார்க்கை நம்ப முடியாது, அதனால்தான் இந்த டெஸ்ட்டே என்று சொன்னார்களாம். சர்க்கார் பரீட்சையில் வாங்கின மார்க்கை நம்ப மாட்டார்கள், ஒரு பெண் மரியாதைக்குச் சொன்ன வார்த்தையை மட்டும் நம்புவார்கள்.

அடுத்த வாரம் நைனா ஒரு நாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். நானும் தங்கையும் கூடப் போனோம். பிரின்ஸ்பாலைப் பார்க்க வெகுநேரம் நின்றோம். தங்கையை வராந்தாவில் விட்டுவிட்டு, கூப்பிட்டதும் நைனாவும் நானும் உள்ளே போனோம். நல்ல மனிதர்தான், மரியாதையாகத்தான் பேசினார். நைனா உட்காரவில்லை. தோளில் இருந்த துண்டு கைக்கு வந்துவிட்டது. நான் கதவோரத்தில் நின்றேன்.

“சொல்லுங்க பெரியவரே. உங்க பொண்ணுக்குக் கணக்கு நல்லா வருமா?”

இதைவிட நேராக யாரும் கேட்க முடியாது. நான் நைனா முகத்தையே பார்த்தேன். நைனா துண்டை மடித்தார்.

“என்னாங்க ஐயா, பொட்டப் புள்ள. ஏதோ நாலு கணக்குப் போடும். நீங்கதான் பாத்து ஆளாக்கி வுடணும்.”

எனக்கு உயிரே போய்விட்டது.

பிரின்ஸ்பால் சிரித்தார். “பாருங்க, நீங்களே சொல்றீங்க. அதனாலதான் ஆயத்த வகுப்பு. அவ நல்லதுக்குத்தான். எந்த ஊரு நீங்க?”

“விருத்தாசலங்க. பீங்கான் பட்டறை.”

“அப்ப உங்களுக்குச் சொல்லவே வேணாமே. நீங்களும் சாமானைத் தட்டிப் பாத்துத் தரம் பிரிக்கிறவங்கதானே? அதேதான் இதுவும்.”

“ஆமாங்க ஐயா, அதேதாங்க” என்றார் நைனா.

கதவோரத்தில் நின்ற எனக்கு நெஞ்சுக்குள் என்னமோ முட்டியது. வாயில் வரவில்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, சேத்தியாத்தோப்பு வருகிறதுக்குள் அது வெளியே வந்துவிட்டது.

“நைனா, தட்டித்தான பாக்குறோம்! கப்பப் பாத்து, நீ நல்ல கப்பான்னு கேக்குறமா?”

முன் சீட்டில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கண்டக்டர்கூடச் சிரித்தார். நைனா சிரிக்கவில்லை.

“அத அங்க சொல்றதுதான?”

“எனக்குத்தான் வாய் வராது. உனக்கு என்னா? ஊர்லியே மொத மார்க்கு வாங்கின புள்ள. நாலு கணக்குப் போடுமாம்!”

“பெரிய மனுசன் கேக்கறாரு. எம்பொண்ணு கெட்டிக்காரின்னு நானே சொல்லிக்கறதா? கேட்டாங்கன்னா நாலு பேரு என்னா நெனைப்பாங்க? அவரு பாத்துத் தெரிஞ்சுக்க வேணாமா?”

“அவரு பாக்கலியே.”

“அப்ப நம்ப தலையெழுத்து. கருவேப்பிலங்குறிச்சிக்குச் சொல்லி அனுப்பிட வேண்டியதுதான்.”

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் ஊர் வரும் வரைக்கும் திரும்பவில்லை.

அந்த வாரம் முழுக்கப் பட்டறை மேசையில் எனக்கு வேலை ஓடவில்லை. கப்பைத் தட்டுவேன், சத்தம் காதில் விழாது. மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. பக்கத்தில் வேலை செய்கிறவள் கேட்டாள், “என்னாடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கிற?” நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் சொன்னாள்: “உங்க நைனா சொல்ல மாட்டாரு. உந்தங்கச்சி சொல்ல மாட்டா. வேற யாரு இருக்கிறது உங்க வூட்ல?”

யாரும் இல்லை. நான்தான்.

வீட்டில் சொல்லாமல், அரை நாள் கூலி போனால் போகிறது என்று தங்கையோடு பஸ் ஏறினேன். வழியெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றி இதைத்தான் பேசினோம்.

“நீ சொல்லுடி. ‘எனக்குத் தெரியும் சார்’னு சொல்லு.”

“போக்கா. நீ சொல்லு.”

“படிக்கப் போறது நீயா நானா?”

“அதனாலதான் எனக்கு வராது. நீ சொன்னா நல்லாருக்கும்.”

பிரின்ஸ்பால் அறைக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. வராந்தாவில் மேசைக்காரர், அந்தக் கணக்கு சார், வந்துகொண்டிருந்தார். நான் குறுக்கே போய் நின்றேன். எப்படி நின்றேன் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். தங்கை பின்னால். ஆயத்த வகுப்பு வாசலிலிருந்து அந்த மங்களூர்ப் பெண்ணும் வந்து பக்கத்தில் நின்றாள்.

“என்னம்மா?”

“சார், இதுக்குக் கணக்குத் தெரியும்.”

“எவ்வளவு தெரியும்?”

நாக்கு நுனியில் ‘ஏதோ கொஞ்சம்’ வந்து உட்கார்ந்துவிட்டது. பழக்கம் அப்படி. அதை விழுங்கிவிட்டு வேறு வார்த்தையைத் துப்புவதற்குள் முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. யாரையோ கெட்ட வார்த்தை சொல்லித் திட்டப்போகிற மாதிரி இருந்தது.

“நல்லாத் தெரியும் சார். ரொம்ப நல்லாத் தெரியும்.”

அவர் தங்கையைப் பார்த்தார். “அப்ப அன்னைக்கு ஏன் லிட்டில்னு சொன்னா? பொய் சொன்னாளா?”

“பொய் இல்ல சார். மரியாதை.”

அவருக்குப் புரியவில்லை. நெற்றியைச் சுருக்கினார். “மரியாதைக்கெல்லாம் தனியா மார்க்கு கிடையாதும்மா” என்றார். ஆனால் அறைக்குள் போய், அன்றைக்கு ஹாலில் கொடுத்த கணக்குப் பேப்பர் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து தங்கை கையில் கொடுத்தார். “போடு, பாக்கலாம்.”

உட்கார இடம் காட்டவில்லை. தங்கை ஜன்னல் கட்டையில் பேப்பரை வைத்து நின்றுகொண்டே போட்டாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பென்சில் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர் வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு கணக்காக விரலை வைத்துக்கொண்டு போனார். கடைசிக் கணக்கில் நின்று, மறுபடி மேலே போய்ப் பார்த்தார்.

“ம்” என்றார்.

அவ்வளவுதான். அந்த ‘ம்’முக்காகத்தான் நாங்கள் அத்தனை அலைந்தது.

“நாளைலேந்து கணக்கு வகுப்புக்கு வரட்டும். நான் பிரின்ஸ்பால்கிட்ட பேசிக்கிறேன்” என்றார்.

எனக்கு அதற்குள் தைரியம் கூடிவிட்டது. “சார், இங்கிலீஷும் தெரியும் சார்” என்றேன்.

அவர் தங்கையைப் பார்த்து இங்கிலீஷில் கடகடவென்று என்னவோ நீளமாகக் கேட்டார். அவள் முழித்தாள். என் முந்தானையைப் பின்னாலிருந்து இழுத்தாள்.

“இது நிஜமாவே லிட்டில்” என்றார் அவர். அன்று முதல் தடவையாக எல்லோரும் சிரித்தோம். இங்கிலீஷ் மட்டும் ஆயத்த வகுப்பிலேயே இருக்கட்டும் என்றார். அது நியாயம். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். தெரியாததைச் சொல்லிக்கொடுக்கத்தான் காலேஜ். டெஸ்ட்டு வைக்க வேண்டாம் என்றா சொல்கிறேன்? வைக்கட்டும். வைத்துப் பார்த்துவிட்டுப் பிரிக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

அவர் திரும்பிப் போகிறபோது தங்கை திடீரென்று கூப்பிட்டாள்.

“சார்! இவளுக்கும் நல்லாத் தெரியும் சார்.” மங்களூர்ப் பெண்ணின் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டாள். “என்னைவிட வேகமாப் போடுவா சார்.”

பார்த்தீர்களா? தனக்குத் தெரியும் என்று சொல்ல வராத அதே வாய். அடுத்தவளுக்குத் தெரியும் என்று சொல்ல எவ்வளவு சுலபமாகத் திறந்தது! அந்த மேசையில் உட்கார்ந்து, உனக்குத் தெரியுமா என்று கேட்காமல், உன் பின்னால் நிற்கிறவளுக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேரைப் பற்றியும் உண்மை வந்திருக்கும். இது யாருக்கும் தோன்றவில்லை.

சார் அந்தப் பெண்ணைப் பார்த்தார். “அப்படியா?”

அது தலையைக் குனிந்துகொண்டு, “ஏதோ கொஞ்சம் சார்” என்றது.

“அவங்க வூட்லேந்து யாரையாவது வரச்சொல்லுங்க. பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கையில்தான் பேப்பர் இருந்தது. பென்சில் இருந்தது. ஜன்னல் கட்டையும் அங்கேயேதான் இருந்தது. இன்னொரு தடவை கொடுத்துப் பார்ப்பதற்கு என்ன? போகிறபோது என்னிடம் திரும்பி, “கேட்டதுக்கு நேரா பதில் சொல்லப் பழக்குங்கம்மா பிள்ளைங்கள” என்று புத்தி வேறு சொன்னார். தப்பு எங்களுடையது என்று முடிந்துவிட்டது. கேட்ட விதம் தப்பாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பெண்ணின் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. நடவு சமயம். யார் வருவார்கள்? வந்திருந்தாலும் எங்கள் நைனா சொன்ன மாதிரிதான் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ஏதோ நாலு கணக்குப் போடும் என்று சொல்லியிருப்பார்கள். மாதம் முடிந்தது, கணக்கு குரூப் நிரம்பியது. அவளுக்குச் சரித்திரம் கிடைத்தது. தை மாசத்துக்குப் பிறகு அவள் பஸ்ஸில் வரவில்லை என்று தங்கை சொன்னாள். எதற்கு நின்றாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

நைனாவிடம் அன்று இரவே சொல்லிவிட்டோம். முதலில் கோபித்துக்கொண்டார், பொம்பளை நீ போய் வாத்தியாரை வழிமறித்தாயா என்று. அப்புறம் மெதுவாக, “என்னான்னு சொன்ன?” என்று கேட்டார்.

“நல்லாத் தெரியும்னு சொன்னேன்.”

“அப்படியேவா சொன்ன?” என்றார். ஆடு மாடு பேசின மாதிரி என்னையே பார்த்தார். கருவேப்பிலங்குறிச்சிக்கு வேறு சேதி போயிற்று. தங்கை படித்தாள். கணக்கு டீச்சராகி, ரிடையர் ஆகி, இப்போது பக்கத்தில்தான் இருக்கிறாள்.

மறு வருஷமும் அந்தக் காலேஜில் அதே மேசை, அதே கேள்வி. எங்கள் பட்டறையிலிருந்து பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் என் மேசைக்கு வந்து என்ன சொல்ல வேண்டும் என்று கேட்பார்கள். நாலு பேருக்கு முன்னால் பேசக் கூச்சப்படுகிற நான் அதை மட்டும் சத்தமாகச் சொல்வேன். “எல்லாந்தெரியும் மாதிரி சொல்லச் சொல்லுங்க. ஒரு நாளைக்கு மட்டும்.” அந்த ‘எல்லாந்தெரியும்’ அப்போது அங்கேதான் சாமான் சுமந்துகொண்டு போவார். “அப்ப நான் சொன்னது தப்பில்லதான?” என்பார். ஜாடி உடைந்தது உடைந்ததுதான் என்று சொல்லி அனுப்புவேன்.

ரெண்டு போட்டதால் கீழ் வகுப்புக்குப் போன அடுத்த வீட்டுப் பெண்ணிடமும் இதைத்தான் சொன்னேன். போய்க் கேள், மறுபடி டெஸ்ட்டு வைக்கச் சொல், ஐந்து போடு என்றேன். “கம்ப்யூட்டர்ல ஒரு தடவை போட்டா மாத்த முடியாது ஆயா” என்கிறது. மேசைக்குப் பின்னால் இருந்த மனிதரையாவது நான் வழிமறிக்க முடிந்தது. கம்ப்யூட்டரை எங்கே போய் மறிப்பது? அதை அங்கே வைத்த மனிதர் யாரோ ஒருவர் இருப்பார். அவரை மறி என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை அவள் அம்மாவோடு போகிறாள். தேவைப்பட்டால் நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் எழுதினதில் தப்பு இருக்கலாம். சீட்டு மஞ்சளா பச்சையா என்று தங்கைக்கும் எனக்கும் சண்டை. அவள் பச்சை என்கிறாள். ஆயத்த வகுப்பு மூன்று மாதமா, அதற்கு மேலா என்பதிலும் எனக்குச் சந்தேகம். அந்தக் காலத்தில் பி.யு.சி. படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்தினால் நல்லது. தங்கைக்குக் கணக்குத் தெரியும் என்பதை மட்டும் சரிபார்க்க வேண்டாம். அந்த மங்களூர்ப் பக்கத்துப் பெண் எந்த ஊர், அப்புறம் என்ன ஆனாள் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து விசாரித்துச் சொல்லுங்கள். அவளையே பார்த்தால், கணக்குத் தெரியுமா என்று ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். மறுபடியும் கேளுங்கள்.